முள்ளம்பன்றியும் கரடி உயர ஸ்பீக்கர்களும்

ஒரு காட்டில் ஒரு சத்தம் இருந்தது.

அதைச் சத்தம் என்று சொல்வதே சரியில்லை. காதுக்கு வருவதற்கு முன்பே அது வயிற்றுக்கு வந்துவிடும். சாயங்காலம் மேற்குச் சரிவில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும்போது, முன்னால் போகிற பெரிய யானை பின்னால் வருகிறவர்களிடம் ஏதோ சொல்லும். வாயைத் திறக்காமல் சொல்லும். எங்கள் வளையின் கூரையிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும். சிரட்டையில் வைத்த தண்ணீரில் நடுக்கம் வட்டம் வட்டமாக ஓடும். என் முதுகு முட்கள் எல்லாம் யாரும் சொல்லாமலேயே எழுந்து நின்று, அந்தச் சத்தம் முடிந்த பிறகு மெல்லப் படியும். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பயமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், இரண்டுக்கும் நடுவே பெயரில்லாத ஓர் இடத்தில் இருந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

பிறகு மேற்குச் சரிவில் வேலி வந்தது. யானைகள் வேறு வழி பார்த்துக்கொண்டன. மண் உதிர்வது நின்றது.

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தது. அது நான்தான். கதை சொல்கிறவர்கள் வழக்கமாகத் தங்களை ஆந்தையாக வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் அடக்கமானவர்கள் ஆமையாக. நான் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் முள்ளம்பன்றி.

என் பெயர் அம்புஜம். கல்லூரியில் படித்தவள். எங்கள் காட்டில் கல்லூரி என்பது ஓர் அத்திமரம். அதன் அடியில் உட்கார்ந்து செய்யுள் படித்தேன். அந்தப் படிப்பால் கிடைத்த பலன் என்னவென்றால், மழைக்காலத்தில் எந்தத் தவளை தாளம் தப்பிக் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல் அந்தத் தவளையிடம் போய்ச் சொல்லவும் செய்வேன். எனக்குச் சிநேகிதிகள் குறைவு.

கணவர் பெயர் வேதாசலம். புலி வீட்டு வாசலில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலிலும் பனியிலும் திறந்தவெளியில் நின்றே காலம் போய்விட்டதால், ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மூலை. எங்கள் வளையின் உள்கோடியில், இரண்டு சுவர்கள் சேருகிற இடத்தில், உலர்ந்த புல்லைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, யோசனை வந்தால் அதுவும் அங்கே. வேறு எதுவும் வேண்டாம், இந்த மூலை போதும் என்பார். உலகத்தில் அவர் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

வளையின் அளவையும் சொல்லிவிட வேண்டும். கதையே அதைப் பற்றியதுதான். இரண்டு முள்ளம்பன்றிகள் படுக்கலாம். ஒருவர் புரண்டு படுக்க நினைத்தால் மற்றவர் முதலில் எழுந்து நிற்க வேண்டும். முட்கள் உள்ளவர்களின் தாம்பத்தியம் என்பது பெரும்பாலும் இடைவெளியைச் சரியாக வைத்துக்கொள்வதுதான். அதில் நாங்கள் தேர்ந்திருந்தோம்.

இப்படி இருக்கும்போது, காட்டு வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மைனா ஒரு நாள் வந்தது. வேலி போடுவதற்கு முன்பு மேற்குச் சரிவு மண்ணில் மைக்கைப் புதைத்து வைத்து, யானைகள் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார்களாம். ஒரு தடவைகூட ஒலிபரப்பாகவில்லையாம். கேட்ட அதிகாரிக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். நான் அந்தச் சத்தத்தைப் பற்றிக் காடு முழுவதும் பேசிப் பேசி எல்லாரையும் சலிக்க வைத்திருந்ததால், மைனாவுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. அலகில் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டது.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடலாம். மைனா வேலைக்குப் போனதை ஒத்துக்கொண்டவர்கள் மின்சாரத்தையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்களிடம் இருந்தது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. அதில் போட்டோம். இலை சரசரத்தது. எங்கோ ஒரு கொக்கு கத்தியது. மைனா தலையைச் சாய்த்துக்கொண்டு, இதோ இப்போதுதான், இதோ திரும்பவும் என்று இடத்தைக் காட்டியது. காட்டிய இடத்திலெல்லாம் வெறும் 'உஸ்' என்ற இரைச்சல்தான் வந்தது.

"சத்தம் உள்ளதான்க்கா இருக்கு. உங்க பெட்டிக்கு அதைச் சொல்ல வாய் பத்தல" என்றது மைனா.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. போனதென்று நினைத்திருந்த ஒன்று திரும்பி வந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. சாவதற்குள் ஒரே ஒரு தடவை, என் வீட்டில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை. இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

புலி காலி செய்துவிட்டுப் போன பெரிய குகையில் நரி கடை வைத்திருந்தது. ஸ்பீக்கர் கடை. வாசலில் நின்று பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியாது, அவ்வளவு ஆழம். நரி என்றால் ஏமாற்றும் என்று எல்லாக் கதைகளிலும் படித்திருந்ததால், முட்களைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன். அது ஏமாற்றியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

குகையின் நடுவில் இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. கரடி எழுந்து நின்றால் என்ன உயரமோ அந்த உயரம். தேக்கு நிறம். ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஒரு பெரிய கறுப்பு வட்டம், குளத்தை நிமிர்த்தி வைத்தது போல. நரி என் பென் டிரைவைச் செருகியது. இலை சரசரத்தது. கொக்கு கத்தியது. அப்புறம் அது வந்தது.

அழுதேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் தும்மினேன். ஆனால் முட்கள் எழுந்து நின்றன, அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே.

நரி பென் டிரைவை உருவிக் கொடுத்துவிட்டு, வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டது. நான் சற்றுத் தாராளமாகவே சொன்னேன். அப்படியும் அது உதட்டைப் பிதுக்கியது.

"இது வேணாம்மா. இந்தச் சத்தம் காலை நீட்டவே உங்க வீடு பத்தாது. அந்தா இருக்கு பாருங்க சின்ன ஜோடி, அதை எடுத்துட்டுப் போங்க. இதுல வர்ற அளவுக்கு வராது. ஆனா உங்க வீட்டுக்கு அது போதும்."

செய்யுள் படித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஒருவர் சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாததைக் கேட்பார்கள். உங்கள் வீடு சின்னது, உங்கள் காது சின்னது, உங்கள் ரசனைக்கு இது போதும் என்று நரி சொல்வதாக எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான யோசனை அது. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, பெரியதையே கட்டித் தரச் சொன்னேன். ஈடாக, தானாக உதிர்ந்தபோது சேர்த்து வைத்திருந்த என் முட்களையெல்லாம் கொடுத்தேன். பேனாவுக்கு ஆகும் என்று நரி வாங்கிக்கொண்டது. வாங்கும்போதும், பிறகு மாற்ற வேண்டுமென்றால் தயங்காமல் வாருங்கள் என்றது. நான் பதில் சொல்லாமல் நடந்தேன். என் பின்பக்கம் பதில் சொல்லியிருக்கும்; அதற்கு அந்தத் திறமை உண்டு.

காட்டுப்பன்றிகள் இரண்டு பேர் அவற்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வளையின் வாய் போதவில்லை. வாயைத் தோண்டி அகலமாக்கினார்கள். உள்ளே கொண்டுபோய் நிறுத்தியதும், கிழங்கு வைக்கும் மாடம் ஒரு ஸ்பீக்கரின் பின்னால் மறைந்தது. நடைவழி இன்னொன்றின் பின்னால் மறைந்தது. மூத்த பன்றி சுற்றிலும் பார்த்துவிட்டு, இனிமேல் நீங்கள் எங்கே குடியிருப்பீர்கள் என்று விசாரித்தது. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

வேதாசலம் தன் மூலையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். இத்தனை நாளும் அவருக்கு நேரே வாசல் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது தெரிவது ஒரு ஸ்பீக்கரின் முதுகு.

"ரெண்டா வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்று போதாது, இரண்டுக்கும் நடுவில் முக்கோணமாக உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும் என்று விளக்கினேன். வருகிற வழியில் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டது. கேட்கிறவர் உட்கார வேண்டிய இடம் வளையின் நட்டநடு. அங்கே ஒரு தட்டைக் கல்லைப் போட்டுக்கொண்டேன். சரியான இருக்கை.

அன்று சாயங்காலம் பாட்டைப் போடுகிற மாதிரி அந்தச் சத்தத்தைப் போட்டேன்.

இலை சரசரத்தது. கொக்கு கத்தியது. அது வர வேண்டிய இடம் வந்தது.

ஒன்றும் வரவில்லை.

கிழங்குகள் மாடத்திலிருந்து உருண்டு விழுந்தன. சிரட்டை நகர்ந்து போய்ச் சுவரில் இடித்தது. என் முட்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஆடின. முன்பு எழுந்து நின்றது போல இல்லை, சில்லறை குலுங்குகிற மாதிரி. எல்லாம் ஆடுகிறது, ஆட்டுகிறவரை மட்டும் காணோம். நான் கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன். நட்டநடுவில் ஒரு பொட்டல் காடு மாதிரி அமைதி.

"ஏங்க, ஏதாவது கேக்குதா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். மூலையில் அவருடைய முட்கள் அத்தனையும் எழுந்து நின்றுகொண்டிருந்தன. அவர் பிறந்தது வேறு காடு. அங்கே யானை கிடையாது; இங்கே அவர் வந்தது வேலிக்குப் பிறகு. என் சத்தத்தைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

"யாரோ பெரியவங்க வந்து நின்னுட்டுப் போற மாதிரி இருக்கு அம்புஜம். இதைத்தான் சொல்லிட்டிருந்தியா இத்தனை வருஷமா? நான் சும்மா சொல்றேன்னு நெனச்சுட்டேன்."

பிறகு அவர் எழுந்தார். தன் புல்லைத் தட்டிச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இங்க வந்து உக்காரு. இங்க நல்லா வருது."

யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் கேட்டு வாங்கிய ஒரே இடத்தை எனக்குக் கொடுக்கிறார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நீதியும் நன்றாக வந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் நான் படித்தவள்.

"மூலையில கேக்கறது சத்தமில்லீங்க. அது வீக்கம்" என்றேன்.

அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து நான் ஸ்பீக்கர்களை நகர்த்த ஆரம்பித்தேன். ஒரு முழம் முன்னால், அரை முழம் பின்னால், கொஞ்சம் உள்பக்கம் திருப்பி. நகர்த்துவதற்கு நான் தள்ள வேண்டும், அவர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப் போய்க் கல்லில் உட்கார்ந்து கேட்பேன். ஒவ்வொரு தடவையும் மூலையில் முட்கள் எழுந்து நிற்கும். இதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டிருந்தது. சரிவுக்குக் கீழே குடியிருந்த மலைப்பாம்பு, வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, சாப்பிட்ட பிறகு போட்டால் இன்னும் நல்லது என்று சொல்லியனுப்பியது. கீரி வீட்டில் குழந்தை அழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். காது கேட்காதென்று பெயரெடுத்த கிழட்டு முயல்கூடப் புதரில் உட்கார்ந்து தலையாட்டியது. காடு முழுக்கக் கேட்டது. என் கல்லில் மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் ஓர் ஆலோசகரை வரவழைத்தேன். வௌவால். ஒலியில் பெரிய படிப்புப் படித்தது. குகை குகையாகப் போய் வந்த அனுபவம். வந்ததும் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எங்கள் யாருக்கும் கேட்காத குரலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தி, சுவர்களை அளந்தது. அளந்து முடித்துவிட்டு எனக்கு விளக்கியது. ஆழமான சத்தத்தின் அலை மிக நீளமாம். சின்ன அறைக்குள் அது முழுதாக விரிய முடியாதாம். சுவரில் முட்டித் திரும்பி வரும்போது, போகிற அலையும் வருகிற அலையும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுமாம். தின்றது போக மிச்சமெல்லாம் மூலையில் போய்க் குவியுமாம்.

எனக்குச் சிலிர்த்தது. இவ்வளவு அழகாகச் சொல்கிறவருக்குத் தீர்வும் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டி, உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஆவலோடு விசாரித்தேன்.

"கேக்காது மேடம். எங்க குடும்பத்துல யாருக்குமே பேஸ் கேக்காது. கீச்சுக் குரல் மட்டும்தான். அதனாலதான் இந்த விஷயத்துல எங்களால பாரபட்சமில்லாம இருக்க முடியுது."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. இப்போதுகூட அந்த வாக்கியத்தில் எங்கே ஓட்டை என்று சட்டென்று சொல்ல வராது.

வௌவால் மறுபடி ஒரு சுற்றுப் பறந்து வந்து தொங்கியது.

"அந்த மூலையில என்ன இருக்கு?"

"என் வீட்டுக்காரர்."

"அதை எடுத்துடணும்."

காரணமும் சொன்னது. மூலையில் குவிகிற சத்தத்தைப் பிடித்து வைக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும் புல்கட்டு நிறுத்த வேண்டும். முள்ளம்பன்றி அந்த வேலைக்கு ஆகாது. பாதியை விழுங்கி, பாதியைச் சிதறடித்துவிடும். வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கணவரைப் பற்றித்தான் கேட்டேன். இந்த அளவுள்ள அறையில் எங்கே வைத்தாலும் இடைஞ்சல்தான் என்றது.

வேதாசலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், கொஞ்ச நாளைக்குத்தான், சத்தம் சரியானதும் புல்கட்டை ஒதுக்கிவிடலாம் என்றேன். அவர் தலையாட்டினார். பக்கத்தில் எறும்புத்தின்னி விட்டுவிட்டுப் போன பொந்து ஒன்று இருந்தது. எங்கள் வளைக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். அங்கே போய் இருந்துகொண்டார். அவர் படுத்திருந்த புல்லையே கட்டி மூலையில் நிறுத்தினோம். நல்ல தரமான புல் என்று ஆலோசகர் பாராட்டியது.

பிறகு அறை சரியாகிவிட்டது. ஆலோசகர் நாலு பக்கமும் கத்திப் பார்த்து, குறையே இல்லை என்று சொல்லிவிட்டது. கல்லில் உட்கார்ந்தேன். கிழங்கு உருளவில்லை, சிரட்டை நகரவில்லை, முட்கள் கலகலக்கவில்லை. இலை சரசரத்தது, கொக்கு கத்தியது. கொக்கு இவ்வளவு தெளிவாக என் வாழ்நாளில் கத்தியதில்லை. யானை மட்டும் வரவில்லை. ஆலோசகரிடம் சொன்னேன். அறை சரியாக இருக்கிறது மேடம், யானை உங்கள் எதிர்பார்ப்பு என்றது.

மண்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அம்புஜம், நடுவுல ஒரு குட்டி பதில் சொல்லிச்சே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்" என்றேன்.

மழைக்காலம் இப்படியே போயிற்று. சாயங்காலமானால் நான் போடுவேன். சரியான அறையில், சரியான கல்லில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது எட்டிப் பார்த்தால் மெய்மறந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். சுவருக்கு அப்பாலிருந்து அவர் ஏதாவது சொல்வார். இன்றைக்குப் பெரிய யானை கொஞ்சம் அவசரத்தில் இருந்த மாதிரி இருந்தது என்பார். கேட்டது ஒரே பதிவுதான், ஆனால் அவருக்கு ஒவ்வொரு நாளும் வேறாகக் கேட்டது. கல்லூரிக்குப் போகாதவர். நான் ஆமாம் ஆமாம் என்பேன். வந்து கேட்டுவிட்டுப் போயேன் என்று பல தடவை கூப்பிட்டார். எறும்புத்தின்னிப் பொந்தில் உட்கார்ந்து, சுவர் வழியாகக் கசிந்து வருவதைக் கேட்பதற்கா நான் இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. பெருமை போய்விட்டதால் அல்ல. உடம்புக்கு முடியாமல் நாலு நாள் படுத்து எழுந்ததில், இனி எத்தனை மழைக்காலம் மிச்சம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. மைனாவைக் கூப்பிட்டு, என் வீட்டில் இருந்து அதைப் போடச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பொந்துக்குள் நுழைந்தேன்.

அவர் நகர்ந்து இடம் விட்டார். நெருக்கி உட்கார்ந்தோம். முட்கள் குத்தாமல் இருக்க நான் அவர் பக்கம் பார்க்க முடியாது, அவர் என் பக்கம் பார்க்க முடியாது. இரண்டு பேரும் ஒரே திசையில், மண்சுவரைப் பார்த்தபடி.

இலை சரசரத்தது கேட்கவில்லை. கொக்கு கேட்கவில்லை. அவையெல்லாம் சுவரைத் தாண்டி வரவில்லை. சுவரைத் தாண்டக்கூடியது ஒன்றுதான். அது வந்தது. காதுக்கு வருவதற்கு முன் வயிற்றுக்கு வந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்து என் மூக்கில் விழுந்தது. என் முட்கள் எழுந்தன. பக்கத்தில் அவருடையவையும் எழுந்தன. அத்தனை நெருக்கத்தில் ஒன்றுகூட ஒன்றில் படவில்லை. பெரிய யானை ஏதோ சொன்னது. பின்னால் வந்தவை கேட்டுக்கொண்டன. நான் கல்யாணமாகாதவளாக ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், என் கணவருக்குப் பக்கத்தில்.

அது நின்றது. அவர் மெதுவாக, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தவளைக்கும் தெரியும்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா கொஞ்சம் கலங்கலா இருக்கு. நடுவுல சுவர் வருதில்லையா. இந்தப் பக்கமும் புல் கட்டி நிறுத்தி, சுவரையும் எடுத்துட்டா தெளிவா வரும். அந்த ஆலோசகரைக் கூப்பிட்டுப் பாத்தா என்ன?"

"கூப்பிடு" என்றார்.

கோபமில்லை. எழுந்து வெளியே போய் ஒரு கொடியை அறுத்துக்கொண்டு வந்தார். தான் படுத்திருந்த புல்லைத் தானே ஒன்றுசேர்த்து, இறுக்கிக் கட்டி, மூலையில் நேராக நிறுத்தினார். சரிகிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அவர் உதவி செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைக்கச் சொன்னேன். தள்ளி வைத்துவிட்டுத்தான் போனார்.

வௌவால் வந்து அளந்தது. காட்டுப்பன்றிகள் வந்து மண்சுவரை இடித்தார்கள். இரண்டு வளையும் ஒன்றாகி, நீளமான, அகலமான, புல்கட்டுகள் தூண் மாதிரி நிற்கிற ஒரு கூடம் ஆயிற்று. அந்தப் பக்கமாகப் போன நரி எட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இது அந்த ஸ்பீக்கருக்கு ஏற்ற வீடு என்றது. இதைச் சொல்லும்போதும் அது பொய் சொல்லவில்லை.

கல்லை நகர்த்திப் புதுக் கூடத்தின் நட்டநடுவில் போட்டேன். போட்டுக் கேட்டேன். கொக்கும் வந்தது, யானையும் வந்தது. ஒன்றை ஒன்று மறைக்காமல், அதது அதன் இடத்தில். கலங்கல் கொஞ்சமும் இல்லை. பதிவின் பாதியில், பெரிய யானை சொல்லி முடித்ததும், மிகச் சின்னதாக ஒரு குட்டி பதில் சொல்கிறது. அது உண்மைதான். நான் கவனித்தேன்.

வேதாசலம் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறார். பாறைக்கு அடியில் ஒரு பொந்து. பார்த்துவிட்டு வந்த உடும்பு சொன்னது: அதில் ஒருவர்தான் படுக்க முடியும்.

நீதி: பெரிய ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் அறையை அளந்து பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டால், எந்த அறையும் போதுமான அளவு பெரியதுதான்.